ஆற்றங்கரைப் பேரூராட்சியைப் பதிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்: தாமிரபரணிக் கரையை வைத்து ஒரு மதிப்பீடு

சின்ன ஊரின் பெயர், எல்லை, ஆறு, கால்வாய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திருத்தமாகப் பதிந்து வைக்க இலவசச் சேவை வேண்டுமென்றால், இன்றைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைவிட நல்லது இல்லை. ஆற்றங்கரைப் பேரூராட்சிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆனால் ஊர் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து நிரப்பினால்தான் அந்த நன்மை கிடைக்கும். நிரப்பாத இடத்தில் ஒரு புள்ளி, ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், பெயரில்லாத நீலக்கோடு ஒன்று, அவ்வளவுதான் இருக்கும். இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்காட்டுகள் எல்லாம் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர்கள். ஏறக்குறைய 128 கிலோமீட்டரே ஓடும் ஆறு. ஆனாலும் ஊர்ப்பெயரிலும் நீர்வழியிலும் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேயே வந்துவிடுகின்றன.

சேவையைப் பற்றிச் சுருக்கமாக. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய இணைய உலக வரைபடத் திட்டம் இது. மின்னஞ்சல் முகவரி இருந்தால் யாரும் கணக்குத் திறந்து திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது வரலாறாக அப்படியே நிற்கும். 2012 முதல் தரவு முழுவதும் திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கூகுள் மேப்ஸில் ஓர் ஊர்ப்பெயரைத் திருத்தச் சொல்லி அனுப்பினால், ஏற்பதும் மறுப்பதும் அந்த நிறுவனத்தின் விருப்பம். ஏற்றாலும் பயன் அந்த வரைபடத்தோடு நின்றுவிடும். இங்கே போட்ட பெயர் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் போன்ற செயலிகளுக்கும், மீட்புப் பணிக்கு வரைபடம் தயாரிப்பவர்களுக்கும், கல்லூரி ஆய்வுக்கும் ஒருசேரப் போகிறது.

ஒரு பெயர், ஆறு பொருள்கள்

ஸ்ரீவைகுண்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரில் ஒரு பேரூராட்சி இருக்கிறது. ஒரு வட்டம் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியம், சட்டமன்றத் தொகுதி, அணைக்கட்டு, ரயில் நிலையம் ஆகியவையும் இருக்கின்றன. ஊர் ஆற்றின் வடகரையில். ரயில் நிலையம் தென்கரையில், திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதையில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் இந்த நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. செய்தியில் "ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிய ரயில்" என்று கேட்டு வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடினால் வடகரையில் உள்ள ஊர்ப்புள்ளிதான் முதலில் வரும். நடுவில் வெள்ளம் ஓடும் ஆறு. பெயர் சரியாக இருந்தும், பொருளைப் பிரித்துப் பதியாத வரைபடம் ஆளைத் தவறான கரைக்கு அனுப்பிவிடும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதில் நன்றாக நிற்கிறது. இவை எல்லாவற்றையும் தனித்தனிப் பதிவுகளாக, அதனதன் வகையோடு வைக்க முடியும். ஊர் என்பது ஒரு புள்ளி. பேரூராட்சி என்பது எல்லைக்கோடுகளைச் சேர்த்துக் கட்டிய ஓர் 'உறவு'. வட்டம் இன்னொரு எல்லை உறவு. அணைக்கட்டு ஆற்றின் குறுக்கே ஒரு கோடு. நிலையம் தண்டவாளத்தின் மேல் ஒரு புள்ளி. ஊராட்சி ஒன்றியத்தையும் சட்டமன்றத் தொகுதியையும் நிர்வாக எல்லையின் அடுக்கில் திணிக்கக் கூடாது. இந்தியாவுக்கான வழக்கப்படி மாநிலம் 4, மாவட்டம் 5, வட்டம் 6 என்று எல்லை எண் போகும். நகர்ப்புற உள்ளாட்சி அதற்குக் கீழே வரும். தொகுதி எல்லை வேறு வகையான எல்லை, அதற்குத் தனி வகைக் குறி உண்டு.

ஊர்ப்புள்ளியை எங்கே வைப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். எல்லையின் வடிவியல் மையத்தில் வைத்தால் பல பேரூராட்சிகளில் அது வயலிலோ குளத்திலோ போய் விழும். பேருந்து நிறுத்தமும் கடைத்தெருவும் இருக்கும் இடமே ஊர்ப்புள்ளிக்கு உரிய இடம். பிறகு அந்தப் புள்ளியை எல்லை உறவுக்குள் நிர்வாக மையம் என்ற பொறுப்போடு சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் தேடலில் ஒரே ஊர் இரண்டு முடிவுகளாக வரலாம், ஒன்று எல்லைக்கு, ஒன்று புள்ளிக்கு. பெயர் ஒரு எழுத்து வேறுபட்டாலும் இதே விளைவுதான்.

பெயர்ப் புலங்கள்

இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம் இங்கேதான். பெயருக்கு ஒரே ஒரு கட்டம் வைத்து முடித்துவிடவில்லை. முதன்மைப் பெயர், அலுவல் பெயர், மாற்றுப் பெயர், உள்ளூர் வழக்குப் பெயர், பழைய பெயர், சுருக்கப் பெயர், இவை ஒவ்வொன்றுக்கும் மொழிவாரியாகத் தனிப் புலம் என்று விரிகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்கு முதன்மைப் புலத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் இருக்கும். தமிழ்ப் பெயர் தமிழுக்கான புலத்தில் இருக்க வேண்டும். பல சின்ன ஊர்களில் அந்தத் தமிழ்ப் புலம் காலியாகவே கிடக்கிறது. நிரப்ப வேண்டிய முதல் வேலை அதுதான். ஒரு நிமிட வேலை. ஆனால் நிரப்பிய பிறகுதான் கைபேசியில் தமிழில் ஊரைத் தேடுகிறவருக்கு ஊர் கிடைக்கும்.

எந்தப் பெயர் எந்தப் புலத்துக்கு என்பதற்குச் சேரன்மகாதேவி நல்ல பாடம். அலுவல் வழக்கில் சேரன்மகாதேவி. பேச்சில் சேர்மாதேவி. 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு அது சேரன்மாதேவி. மூன்றும் ஒரே ஊர். தமிழ்ப் பெயர்ப் புலத்தில் சேரன்மகாதேவி. உள்ளூர் வழக்கில் சேர்மாதேவி. மாற்றுப் பெயரில் சேரன்மாதேவி. ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் இதேபோல் பல வடிவங்கள் உண்டு, அவற்றை ஆங்கில மாற்றுப் பெயரில் அரைப்புள்ளி இட்டுப் பிரித்து எழுதலாம். ஒரு புலத்தில் 255 எழுத்துக்குறிகளுக்கு மேல் ஏறாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கணினிக் கணக்கில் தமிழின் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறிகள் என்பதால் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடும். பொருளற்ற எழுத்துப்பிழைகளை எல்லாம் அதில் கொட்டுவது தவறு. பலகையிலோ பயணச்சீட்டிலோ பத்திரத்திலோ உண்மையில் புழங்கும் வடிவங்கள் மட்டும் போதும்.

பழைய பெயர்ப் புலம் வேறு வகை. ஆழ்வார்திருநகரியின் பழைய பெயர் திருக்குருகூர். அது இன்றைய முகவரியில் வராது, ஆனால் பாசுரமும் கல்வெட்டும் படிக்கிறவர் தேடுவது அந்தப் பெயரைத்தான். எனவே பழைய பெயர்ப் புலத்தில் போட வேண்டும். முதன்மைப் பெயரை அடித்துவிட்டு அதை எழுதுகிறவர்கள் ஆர்வத்தில் செய்கிறார்கள் என்பது புரிகிறது; ஆனாலும் அது கேடு. வரைபடம் இன்றைக்கு அங்கே போகிறவருக்கு, அங்கே உள்ள பலகை சொல்லும் பெயரைச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது முக்கூடல். இன்று முக்கூடல் என்றால் சேரன்மகாதேவிப் பக்கத்தில் உள்ள பேரூராட்சி. இலக்கியத்தில் வரும் முக்கூடல் அது இல்லை. திருநெல்வேலிக்குக் கிழக்கே சிற்றாறும் கயத்தாறும் தாமிரபரணியோடு கூடும் சீவலப்பேரிப் பகுதி. பள்ளு நூலைப் படித்துவிட்டு இடத்தைத் தேடுகிறவர் மேற்கே பல கிலோமீட்டர் தள்ளி நிற்பார். சீவலப்பேரியின் பழைய பெயர்ப் புலத்தில் முக்கூடல் என்று எழுதிவிட்டால் தேடலில் இரண்டும் வரும், வட்டத்தின் பெயரோடு வருவதால் எது எது என்று தெரிந்துவிடும். விளக்கக் குறிப்புப் புலம் ஒன்றும் இருக்கிறது; அதில் ஒரு வரி எழுதி வைத்தால் பின்னால் வரும் திருத்துநர் இதைப் பிழை என்று நினைத்து அழிக்க மாட்டார்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு விஷயம். 2020இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. ஜூன் மாதத்தில் அது வெளியே வந்த சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ள கூட்டல்களை அலுவல் பெயராகப் போடுவது சரியல்ல. எங்காவது யாராவது அப்படிப் போட்டிருந்தால், பழையபடி திருப்பி, திருத்தக் குறிப்பில் ஆணை திரும்பப் பெறப்பட்டதை எழுத வேண்டும்.

மாவட்டப் பெயரும் பழைய ஆவணங்களில் குழப்பும். தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய ஆவணத்தில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி எல்லாம் திருநெல்வேலி மாவட்டம். பிரிந்தபின் 1997 வரை அதற்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர். திருநெல்வேலி மாவட்டம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டமாக இருந்தது. ஆகவே பழைய பத்திரத்தில் "சிதம்பரனார் மாவட்டம்" என்று கண்டால் அது இன்றைய தூத்துக்குடி. இதை மாவட்ட எல்லை உறவின் பழைய பெயர்ப் புலத்தில் போட்டால் போதும். ஒவ்வொரு ஊரிலும் போட வேண்டியதில்லை.

தட்டச்சில் ஒரு பொறி

ஸ்ரீவைகுண்டம் என்று தேடினால் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். காரணம் முதல் எழுத்து. யூனிகோடில் 'ஸ்ரீ' என்பதை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்றும் அடிக்கலாம். ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்றும் அடிக்கலாம். எழுத்துரு இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டிவிடும். தேடுபொறிக்கோ அவை வேறு வேறு சொற்களாகப் போய்விடலாம். தீர்வு எளிது: தமிழ்ப் பெயர்ப் புலத்தில் ஒரு வடிவம், மாற்றுப் பெயரில் மற்ற வடிவம். கூடவே திருவைகுண்டம் என்பதையும் அங்கேயே சேர்க்கலாம். இதே குடும்பத்தில் இன்னொரு பிழை, ஔகாரத்தின் நீட்சிக் குறிக்குப் பதில் 'ள' எழுத்தை அடிப்பது. அச்சில் கண்ணுக்குத் தெரியாது, தேடலில் தெரியும்.

ஆற்றை வரைவது

ஆற்றுக்கு இரண்டு பதிவுகள் வேண்டும், இரண்டும் வேறு வேலைக்கு. நடுவோட்டக் கோடு ஒன்று. அதை மேலிருந்து கீழாக, நீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும். கோட்டின் மேல் தெரியும் அம்புக்குறிகள் கடலை நோக்கி இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். தலைகீழாக இருந்தால் 'திசை மாற்று' கட்டளை உண்டு. திசை தவறிய ஒரு துண்டு போதும், நீர்வழிகளைப் பகுப்பாய்வு செய்கிறவருக்கு அந்த இடத்தில் ஆறு அறுந்துபோகும். இரண்டாவது, இரு கரைகளையும் சுற்றி வரும் நீர்ப்பரப்பு. பெயர் நடுவோட்டக் கோட்டில் இருக்க வேண்டும். பரப்பிலும் கோட்டிலும் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் பெயர் போட்டால் வரைபடத்தில் இரண்டு ஆறுகள் ஓடும்.

ஒரு கோட்டில் அதிகபட்சம் 2000 புள்ளிகள்தான் வைக்க முடியும். ஆகவே ஆறு பல துண்டுகளாகத்தான் இருக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரு நீர்வழி உறவில் கோர்த்து, அந்த உறவில் தாமிரபரணி என்ற பெயரையும், பொருநை, தாமிரவருணி என்ற மாற்றுப் பெயர்களையும் வைப்பது முறை. புதிதாக வருகிறவர்கள் ஒரு துண்டை மட்டும் திருத்திவிட்டு ஆறு முழுக்கத் திருந்திவிட்டது என்று நினைப்பதுண்டு. திருத்த வேண்டியது உறவை, பிறகு துண்டுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரை எங்கே என்பதுதான் உண்மையான கேள்வி. கோடைப் படத்தில் மணல்மேட்டுக்கு நடுவே இரண்டு ஓடைபோல் நீர் தெரியும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்த படத்தில் கரை முதல் கரை வரை நீர். பின்னணிச் செயற்கைக்கோள் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று பாராமல் கோடை நீரை ஒட்டி வரைந்தால் ஆறு பாதியாகச் சுருங்கிவிடும். வழக்கமான உயர்நீர் மட்டத்தில் நீர் தொடும் விளிம்பே கரை. நிரந்தரமாக மரம் வளர்ந்து நிற்கும் திட்டுகளை மட்டும் நீர்ப்பரப்புக்குள் உள்வெட்டாக, அதாவது நீரில்லாத துளையாக, வைக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் மணல்மேட்டைத் தீவாக வரையக் கூடாது. பின்னணிப் படம் நிலத்தோடு சில மீட்டர் விலகி இருப்பதும் வழக்கம். வெளியான ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டு, 'படத்தின் விலகல்' அமைப்பில் நகர்த்திவிட்டுத்தான் கோட்டைத் தொட வேண்டும். பாலத்தில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை, ஏனென்றால் சாலைத்தடம் அங்கே நிச்சயம் இருக்கும்.

பேரூராட்சி எல்லை ஆற்றை ஒட்டிப் போகும் இடத்தில் ஒரு பழக்கம் வேண்டும்: எல்லைக்கோட்டைக் கரைக்கோட்டோடு ஒட்டக் கூடாது. ஒட்டிவிட்டால், வெள்ளத்துக்குப் பின் யாராவது கரையைத் திருத்தும்போது அரசு எல்லையும் கூடவே நகர்ந்துவிடும். ஆறு இடம் மாறினாலும் அறிவிக்கப்பட்ட எல்லை மாறாது. இரண்டும் ஒரே தடத்தில் போனாலும் தனிக் கோடுகளாக இருக்கட்டும்.

அணைக்கட்டும் கால்வாயும்

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவை நீரைத் தேக்கும் அணைகள் இல்லை. மட்டத்தை உயர்த்திக் கால்வாயில் திருப்பி, மிச்சத்தை மேலே வழிய விடுபவை. ஆகவே வகைப் பட்டியலில் 'அணை' என்பதைத் தேர்ந்தெடுக்காமல், நீர் மேலே வழியும் தடுப்பு என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அணை என்று போட்டால் அதன் பின்னால் நீர்த்தேக்கம் இருக்கும் என்று நினைத்து யாராவது இல்லாத தேக்கத்தை வரைந்து வைப்பார்கள்.

பெயரில் பொறி இங்கேயும் உண்டு. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து கன்னடியன் கால்வாய், சரி. ஆனால் அரியநாயகிபுரத்திலிருந்து போவது கோடகன் கால்வாய். பழவூரிலிருந்து பாளையங்கால்வாய். சுத்தமல்லியிலிருந்து திருநெல்வேலிக் கால்வாய். மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். கால்வாயின் பெயரை அணைக்கட்டுக்குப் போட்டுவிட்டால் விவசாயியிடம் கேட்டாலும், நீர்வளத்துறைப் பட்டியலோடு ஒப்பிட்டாலும் பொருந்தாது. கால்வாய்க் கோட்டில் பாசனப் பயன்பாடு என்ற குறியையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் படகு செல்லும் கால்வாய்க்கும் இதற்கும் வேறுபாடு இருக்காது. கால்வாய் ஊருக்குள் நுழைந்ததும் சாலைக்கு அடியில் சிறு பாலங்களில் புகுந்து வரும். அந்தத் துண்டை வெட்டி, குழாய்ப்பாலம் என்று குறித்து, சாலைக்குக் கீழே என்று காட்ட அடுக்கு எண்ணைக் கழித்தல் ஒன்று (-1) என வைக்க வேண்டும். சாலையும் கால்வாயும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டால் பதிவேற்றும் முன்பே எச்சரிக்கை வரும். அதைத் தட்டிவிட்டுப் போகக் கூடாது.

கடைமடையில் கால்வாய் குளத்தில் முடியும். குளத்துக்கும் பக்கத்து ஊருக்கும் பெரும்பாலும் ஒரே பெயர். நீர்ப்பரப்பில் குளத்தின் பெயரை முழுதாக எழுத வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் தேடலில் ஊருக்குப் பதில் குளத்தின் நடுவில் குறி விழும். ஆண்டில் பல மாதங்கள் வற்றும் குளத்துக்கு 'பருவகாலம்' என்ற குறி உண்டு. சேர்த்தால் வரைபடத்தில் கோடிட்ட நீலமாக வரும், கோடையில் போகிறவர் ஏமாற மாட்டார்.

ஆற்றைக் கடக்கும் தரைப்பாலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயர்ந்த பாலம் என்று போட்டுவிட்டால் வெள்ளத்திலும் வழி இருப்பதாகச் செயலி நம்பும். தாழ்நீர்ப் பாலம் என்ற உள்வகையும், வெள்ளத்தில் மூழ்கும் என்ற குறியும் சேர்த்தே வைக்க வேண்டும். வழிகாட்டும் செயலிகள் பெரும்பாலும் இந்தக் குறியைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது இந்தச் சூழலின் பெரிய குறை. ஆனாலும் பேரிடர் காலத்தில் வரைபடம் தயாரிப்பவர்கள் தரவை நேராக எடுத்து இந்தக் குறியை வடிகட்ட முடியும். அதற்காகவே போட வேண்டும்.

காவிரிப் படுகையில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு வேறுபாடு. தாமிரபரணியில் கடனா நதி, மணிமுத்தாறு, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் வந்து சேர்கின்றன. கல்லணைக்குக் கீழே காவிரியிலிருந்து குடமுருட்டியும் அரசலாறும் பிரிந்து போகின்றன. மதகு இருப்பதால் அவற்றைக் கால்வாய் என்று போடத் தோன்றும். அவை ஆறுகளாகவே பதியப்பட வேண்டும். 1934இல் திறந்த கல்லணைக் கால்வாய் மட்டும் வெட்டப்பட்ட கால்வாய், பெயரே சொல்கிறது.

எந்தக் கருவி

உலாவியிலேயே திறக்கும் ஐடி என்ற திருத்தி பெயர்ப் புலங்களுக்கும் ஊர்ப்புள்ளிக்கும் போதும், இடைமுகத்தின் ஒரு பகுதி தமிழிலும் கிடைக்கும். எல்லை உறவையும் நீர்வழி உறவையும் அதில் தொடுவது ஆபத்து. ஒரு கோட்டை வெட்டும்போது உறவு எங்கே போகிறது என்பது கண்ணில் படாது. அந்த வேலைக்குக் கணினியில் நிறுவும் ஜேஓஎஸ்எம் வேண்டும். கற்க நேரம் எடுக்கும், ஆனால் உறவின் உறுப்புகளை வரிசையாகக் காட்டி, எங்கே அறுந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லும். களத்தில் கடைப்பெயர், நிறுத்தப் பெயர் சேர்க்க எவ்ரி டோர் என்ற கைபேசிச் செயலி நன்று. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறை. பள்ளி மாணவர்களுக்கு ஏற்றது, ஆற்று வேலைக்கு உதவாது.

மற்ற மூலங்களோடு ஒப்பீடு

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாள்கள் பெயருக்கும் நீர்வழிக்கும் இன்னும் முதல்தரம். ஒரு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர். பழைய எண்முறையில் அம்பாசமுத்திரம் 58 எச்/6, சேரன்மகாதேவி 58 எச்/10, ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் 58 எச்/14, முகத்துவாரம் 58 எல்/2. புதிய வெளியீடுகளுக்கு எண் வேறு. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். ஆகவே சிற்றூர்ப் பெயரையும் ஓடையின் பெயரையும் சரிபார்க்க அதைப் பார்க்கலாம், கரைக்கோட்டை அதிலிருந்து எடுக்கக் கூடாது. இஸ்ரோவின் புவன் தளம் படத்துக்கு நன்று, பெயரில் சுமார். கூகுள் மேப்ஸ் கடைகளுக்கும் போக்குவரத்துக்கும் முன்னால் நிற்கிறது. பழைய பெயர், உள்ளூர்ப் பெயர், கால்வாய்ப் பெயர் என்று வந்தால் அதற்கு இடமே குறைவு.

ஒரு விதியில் தளர்வே கிடையாது: கூகுளிலிருந்து எதையும், ஒரு தெருப்பெயரைக்கூட, பார்த்து எழுதக் கூடாது. உரிமப் பிரச்சினை வந்தால் அந்தக் கணக்கின் திருத்தங்கள் மொத்தமாகத் திருப்பப்படும். அரசு ஆவணம் என்பதற்காகவே எடுத்துப் போடவும் முடியாது; அதன் வெளியீட்டு உரிமம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஊர்ப்பலகையும் நிலையப் பெயர்ப்பலகையும் அலுவலக முகப்பும்தான் மிகப் பாதுகாப்பான ஆதாரம். பலகையைப் படமெடுத்துவிட்டுத் திருத்தக் குறிப்பில் 'களத்தில் பார்த்தது' என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

குறைகள்

எல்லை இல்லாத இடத்தில் முகவரி தவறும். நாமினேட்டிம் என்ற தேடல் சேவை, எல்லை உறவு இருந்தால் அதை வைத்து ஊரைச் சொல்லும். இல்லாவிட்டால் அருகில் உள்ள ஊர்ப்புள்ளியைக் காட்டும். அருகில் என்பது நேர்க்கோட்டுத் தொலைவு, நடுவில் ஆறு இருப்பது அதற்குத் தெரியாது. தென்கரையில் கல்லிடைக்குறிச்சி, வடகரையில் அம்பாசமுத்திரம் என்று எதிரெதிரே இருக்கும் ஊர்களின் ஆற்றோரத் தெருக்களுக்கு அக்கரைப் பெயர் ஒட்டிக்கொள்ள இதுவே காரணம். எல்லை கிடைக்கும்வரை தற்காலிக வழி, கரையோரக் குடியிருப்புகளுக்கும் அவற்றின் சொந்தப் பெயரில் சிறு ஊர்ப்புள்ளிகள் வைப்பது.

புதுப்பிப்பு வேகமும் சீரில்லை. முதன்மைத் தளத்தில் கிட்டத்தில் பார்க்கும் படம் சில நிமிடங்களில் மாறும். தொலைவிலிருந்து பார்க்கும் படம் நாட்கணக்கில் பழையதாகவே நிற்கும். ஆர்கானிக் மேப்ஸில் அடுத்த தரவுத் தொகுப்பு இறங்கும்வரை பழையதே இருக்கும், ஆஸ்மண்டின் இலவசத் தொகுப்பில் மாதம் ஒருமுறைதான் மாறும். பதிவேற்றியது தெரியவில்லை என்று மறுபடி மறுபடி பதிவேற்றி ஒரே ஊரை மூன்று புள்ளிகளாக்கிவிடுகிறவர்கள் நிறைய. பெரிய எல்லை உறவு உடைந்துவிட்டால் இன்னும் மோசம்: சுற்றுக்கோட்டில் ஒரு துண்டு போனாலும் அந்த ஊர் தேடலில் முகவரிப் படிநிலையிலிருந்தே காணாமல் போகும்.

யாரும் திருத்தலாம் என்பதால் பெயர்ச் சண்டையும் வரும். சாதி ஒட்டோடு தெருப்பெயரைத் திரும்ப எழுதுவதும், கோயில் பெயரை ஊர்ப்பெயராக்குவதும் நடக்கும். வரலாறு இருப்பதால் திருப்பிவிடலாம். ஆனால் கவனிக்கிற ஆள் வேண்டும். ஒரு பேரூராட்சிக்கு ஊர் தெரிந்த இருவர் போதும், மாதம் ஒருமுறை தங்கள் பகுதியின் மாற்றப் பட்டியலைப் பார்த்தால்.

புதிதாகத் தொடங்குகிறவர் இந்த வரிசையில் போனால் வீண்வேலை குறையும். முதலில் ஊர்ப்புள்ளியின் தமிழ்ப் பெயர், பிறகு மாற்று, பழைய பெயர்கள். அடுத்து அணைக்கட்டும் கால்வாய்ப் பெயரும். அதன்பின் பாலங்கள். கரைப்பரப்பையும் எல்லையையும் கடைசியில், ஜேஓஎஸ்எம் கைவந்த பிறகு. ஒவ்வொரு கட்டமும் தனித் திருத்தத் தொகுப்பாகப் போகட்டும். ஒன்று தவறினால் அதை மட்டும் திருப்ப முடியும். முடிந்ததும், இந்தத் தரவை வடிகட்டித் தேட உதவும் ஓவர்பாஸ் டர்போ தளத்தில் பேரூராட்சிப் பகுதியைச் சுற்றிக் கட்டம் போட்டு, பெயர் இருந்தும் தமிழ்ப் பெயர் இல்லாதவை எவை என்று ஒரு கேள்வி கேட்டால் மிச்சம் முழுவதும் பட்டியலாக வரும். அந்தப் பட்டியலோடு ஒரு முறை இரு கரைகளிலும் நின்று, 'இந்த இடம் எது' என்று நாமினேட்டிமைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அக்கரை ஊரின் பெயர் வந்தால் எல்லை உறவில் எந்தத் துண்டு விடுபட்டிருக்கிறது என்று அங்கிருந்தே தேடத் தொடங்கலாம்.